பழைய இரும்புக்கடையும் வாரிய நாற்காலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிபோர்னியா மாநில அரசியலில் இருந்த வெஸ்லி செஸ்ப்ரோவைப் பற்றி அண்மையில் படித்தேன். 2006-இல் மாநில மேலவையான செனட்டில் பதவிக்காலம் முடிந்ததும் அவர் அம்மாநிலக் கழிவு மேலாண்மை வாரியத்தில் சம்பளத்துடன் உறுப்பினரானார். பதவி முடிந்த அரசியல்வாதிக்கு மறுசுழற்சித் துறை ஒரு புகலிடம்தானா? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பது ஆண்டுகள் பழைய இரும்புக்கடை நடத்திய என் தந்தையிடம் எந்த அதிகாரியும் இதுவரை ஒரு யோசனை கேட்டதில்லை. அதனாலேயே இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

– ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் நியாயமானது. இத்தனை ஆண்டுக்கு மேல் பதவியில் இருக்க முடியாது என்ற வரம்பால் சட்டமன்றத்தை விட்டு வெளியேறியவர்களை உட்கார வைப்பதற்கான நாற்காலிகள் என்று அந்த வாரியப் பதவிகளின் மேல் கலிபோர்னியாவில் நெடுநாள் கண்டனம் இருந்தது. கடைசியில் 2009-இல் சட்டம் இயற்றி வாரியத்தையே கலைத்துவிட்டார்கள். ஆனால் செஸ்ப்ரோவை அந்தக் கணக்கில் மட்டும் எழுதிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஆர்கேட்டா என்ற சிறிய ஊரில் மக்கள் மறுசுழற்சி மையம் ஒன்றைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். அதன் பிறகுதான் நகர மன்றம், மாவட்ட ஆட்சிக் குழு, 1990-களில் இதே வாரியம், பின்பு செனட் எல்லாம். குப்பையிலிருந்து அரசியலுக்குப் போனவர், அரசியலிலிருந்து மறுபடி குப்பைக்கு வந்தார்.

முன்னாள் அரசியல்வாதி ஒருவர் ஜவுளித் தொழிலுக்குப் போவதும் இந்தத் தொழிலுக்கு வருவதும் ஒன்றாகாது. செம்பும் பித்தளையும் எந்தச் சட்டமும் இல்லாமலே கடைக்கு வந்து சேரும் என்பதை உங்கள் தந்தை என்னைவிட நன்றாக அறிவார். கண்ணாடி பாட்டிலும் பால் கவரும் அப்படி வருவதில்லை. அவற்றைப் பொறுக்கி, கழுவி, ஏற்றி அனுப்பும் கூலிக்குக்கூட அவற்றின் விலை கட்டாது. அந்த விலையைச் சட்டம்தான் உண்டாக்குகிறது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் நீலகிரியில் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடும் முறை வந்தது. அதுவரை காட்டுக்குள் வீசப்பட்டு யானைக் காலில் ஏறிய அதே பாட்டில், மறுநாள் முதல் ஒருவருடைய கையில் பத்து ரூபாய். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் சரிவை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே விதி எழுதியவர் இந்தத் தொழிலுக்குள் வரும்போது, சந்தையின் பாதியைக் கையில் கொண்டு வருகிறார். அவருடைய அறிவு பயன்படும் இடமும் அதுவே, ஆபத்து இருக்கும் இடமும் அதுவே. பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனம் தனக்கு விதிக்கப்பட்ட அளவு பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு அனுப்பியதாகச் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, உருக்காத பிளாஸ்டிக்குக்கு எழுதப்பட்ட போலிச் சான்றிதழ்கள் லட்சக்கணக்கில் பிடிபட்டன. சான்றிதழ்க் காகிதத்துக்கு விலை வந்துவிட்ட தொழிலில், எந்தக் காகிதம் எந்த மேசையில் நகரும் என்று தெரிந்தவருக்குப் பொருளைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

பொருளைத் தொடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏற்காடு அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில், ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள் கவர்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் காதருகே கொண்டுபோய்க் கசக்கினார். மொறமொறவென்று சத்தம் வந்தால் ஒரு சாக்கு, மெத்தென்று மடிந்தால் இன்னொரு சாக்கு. தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் இருந்த வளையத்தைச் சிறு கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தார். ஏன் அறுக்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், ஒரு மூடியையும் பாட்டிலில் வெட்டிய ஒரு துண்டையும் தண்ணீர் டிரம்மில் போட்டுக் காட்டினார். மூடி மிதந்தது, துண்டு மூழ்கியது. இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக், சேர்த்து உருக்கினால் இரண்டும் கெடும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

அந்தக் கொட்டகையின் அறிவு விதி எழுதும் அறைக்குப் போய்ச் சேருவதற்கு நம் ஊரில் வழியே இல்லை. ஆர்கேட்டாவில் ஒருவருக்கு அந்த வழி இருந்தது என்பதுதான் செஸ்ப்ரோவின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் எவரேனும் இங்கே மறுசுழற்சி நிறுவனத்தில் சேர்ந்தால் நான் அவரைத் திட்டமாட்டேன். இத்துறை குறித்த எந்தெந்த விதிகளில் அவர் கையெழுத்து இருக்கிறது, எந்த ஒப்பந்தத்தை அவர் காலத்தில் யாருக்குக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்பேன். பதவி முடிவதற்கும் நிறுவனத்தில் சேருவதற்கும் நடுவே சில ஆண்டு இடைவெளியும் கட்டாயம் வேண்டும். அவர் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து ஒரு வாரம் கவர் பிரித்தாரென்றால் மகிழ்வேன்.

உங்கள் தந்தையின் கடையில் அன்றாட விலை எழுதிய நோட்டுகள் இன்னும் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். கண்ணாடி எந்த ஆண்டில் வாங்குவாரில்லாமல் போனது, அட்டை எப்போது ஏறியது, பெட் பாட்டில் முதன்முதலில் எப்போது தராசில் ஏறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்த மாதம் மலையிலிருந்து இறங்கும்போது செவ்வாய்ப்பேட்டைக்கு வருகிறேன். ஐயாவுக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டு எழுதுங்கள்.