மகள் தொலைக்காட்சிச் செய்தியாளராகலாமா?

கேள்வி: ஏ.எல். (உயர்தரம்) கலைப்பிரிவில் படித்து முடித்த மகள் தொலைக்காட்சிச் செய்தியாளராகத்தான் போவேன் என்று நிற்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவருமா?
- ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: தாராளமாகச் சரிவரும், அம்மா. ஆனால் திரையில் முகம் தெரிவது இந்த வேலையில் கடைசித் துண்டுதான். அதற்கு முன்னால் வெயிலில் நின்று, கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) நீதிமன்ற வாசலிலும் ஆட்களைப் பிடித்து, இரண்டு தரப்பையும் கேட்டு, படத்தையும் எடுத்து, இரவுச் செய்திக்கு முன் கொழும்புக்கு அனுப்பியாக வேண்டும். மாவட்டச் செய்தியாளர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒளிபரப்பான செய்திக்குத்தான் காசு. இதை அவளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

படிக்கத் தூரம் போகத் தேவையில்லை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே தொடர்பாடல் கற்கைகள் இருக்கின்றன. சிங்களம் கட்டாயம் பழகட்டும், மூன்று சமூகமும் வாழும் மாவட்டத்தில் அது இல்லாவிட்டால் பாதிச் செய்தி கைநழுவிப் போகும்.

உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. 2006 ஜனவரியில் நம்மூர்க் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களைப் பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள்தான், கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்ற கதையை உடைத்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். தெரிந்துகொண்டே இறங்கட்டும்.

அப்புறம், மீன்சந்தை விலையைப் பற்றிப் போனிலேயே ஒரு செய்தி எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே முதலில் பார்த்து, விளங்காத இடத்தைக் காட்டுங்கள்.