செத்துச் செத்து விளையாடுவோம்: ரோக்லைக் கேள்வி பதில்

காசிமேடு: அண்ணே, இந்த ரோக்லைக் வீடியோ கேம்ல செத்தா முதல்லேர்ந்து வரணும்னா அதுல இன்னா கிக்கு?

உனக்குத் தெரியாததா தம்பி? வலையில விழுந்ததெல்லாம் காசா? கரைக்கு வந்து ஏலம் போனாதானே காசு. 'டெட் செல்ஸ்'னு ஒரு கேம்ல எதிரியை அடிச்சா, பொறுக்கிச் சேக்குற 'செல்' விழும். ஒரு ஏரியா முடிச்சு, அடுத்ததுக்குப் போற வழியில இருக்கிற 'கலெக்டர்'ங்கற பாத்திரத்துக்கிட்ட கொடுத்தாதான் அது உன்னுது. நடுவுல செத்தா அத்தனையும் காலி. கையில நாப்பது செல், உசுரு கால்வாசி, எதிர்ல திறக்காத ஒரு பெட்டி. போவியா, திரும்புவியா? அந்த ரெண்டு நொடிதான் கிக்கு.

அப்புறம் சாமான். எண்ணெய் வாள் ஒண்ணு கிடைக்கும். எதிரி எரியும்போது வெட்டினாதான் அதுக்கு முழு வீரியம். உடனே புத்தி நெருப்பைத் தேடி மூலை மூலையா அலையும். அறைகளை மனுஷன் வரையறான், கம்ப்யூட்டர் மாத்தி மாத்திக் கோக்குது. கேரம்ல காய் உடைக்கிற மாதிரி: ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி சிதறும், அடிக்கிற கை அதே கை.

முதல் இருபது ஆட்டம் யூடியூப் பாக்காதே.

தண்டையார்பேட்டை: போன்ல ஓடுமா?

ஓடும். ஐபோனுக்கு 2019, ஆண்ட்ராய்டுக்கு 2020லயே வந்துடுச்சு. கன்ட்ரோலர் இருந்தா நல்லது. பழசு வாங்கினா, அதோட குச்சியைத் தொடாமலே ஆட்டத்துல ஆளு நகருதான்னு கடையிலேயே பாரு. நான் பாக்காம வாங்கி, என் ஆளு தானா முள்ளுல போய் விழுந்தான்.

பெரம்பூர்: இதெல்லாம் ரோக்லைக்கே இல்ல சார். இந்த வகைக்கே பேரு கொடுத்த, 1980ல வந்த 'ரோக்' ஆட்டத்துல நாம ஒரு அடி வெச்சாதான் எதிரி ஒரு அடி வெப்பான். செத்தா எதுவும் மிஞ்சாது.

வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 'டெட் செல்ஸ்' பண்ணவங்களே அதை ரோக்லைக்கோட வேற வகையைக் கலந்த 'ரோக்வேனியா'ன்னுதான் சொன்னாங்க. ஆனா டெரெக் யூன்னு ஒருத்தர் 2008ல விட்ட 'ஸ்பெலங்கி' கேமும் அடி அடியா இல்ல, பக்கவாட்டுல ஓடுறதுதான். அதுல செத்தா, குறுக்குவழி தவிர இன்னா மிஞ்சுது?

வியாசர்பாடி: அண்ணா, போன்ல ஓடுமா?

மேல பாரு.

பெரம்பூர்: 'ஸ்பெலங்கி' சரி. 'டெட் செல்ஸ்'ல செத்தப்புறமும் புது ஆயுதம் சேருதே, அது சலுகைதானே?

சேருறது ஆயுதம் இல்ல, அது கிடைக்கிற வாய்ப்பு. பட்டியல் நீளும், கை நீளாது.

பெரம்பூர்: மருந்துக் குப்பி? அது கூடினா கூடினதுதானே?

...ஆமா. அங்க மாட்டிக்கிட்டேன். குப்பி சலுகைதான். 2013ல வந்த 'ரோக் லெகஸி' இன்னும் மோசம்: அப்பன் செத்த காசுல புள்ளை பலசாலி ஆவான். ஆனாலும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடுனேன்.

கொடுங்கையூர்: முதல்ல எதை வாங்கலாம்? போன்ல...

'டெட் செல்ஸ்'. ஓடும். யூடியூப் பாக்காதே.

பெரம்பூர்: அப்போ நான் ஜெயிச்சேனா?

பாதி. மீதிக்கு ஞாயித்துக்கிழமை வாங்க, 2012ல புதுசா பண்ணி விட்ட 'ஸ்பெலங்கி' போடுறேன். ஒரு தளத்துல ரெண்டரை நிமிஷம் தாண்டினா பேய் வரும். முதல் பகுதியான சுரங்கத்துல நாலு தளம். பேயைப் பாக்காம நாலும் தாண்டுங்க, சேர்ல உக்காந்து பேசலாம்.