தூரத்திலிருந்து பார்த்தால் சரிதான்

கேள்வி: ஆசிரியர் ஐயா, வண்ணாத்திப்பூச்சியின் சிறகில் ஒரு புள்ளிகூட இடம் தவறாமல் இவ்வளவு கச்சிதமாக டிசைன் போட்டது யார்? (ஒரு வாசகி, தலவாக்கலை)

பதில்: வண்ணாத்திப்பூச்சி என்று எழுதினீர்களே தங்கச்சி, அதற்கு முதலில் நன்றி. பண்டாரவளையிலிருந்து ஒருவர் ‘பட்டாம்பூச்சி என்று போடுங்கள்’ என்று மூன்று வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் வாங்குகிற சென்னைப் பத்திரிகையில் அது தாராளமாகப் பறக்கட்டும், இங்கே பறக்காது.

சரி, டிசைன். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எங்கள் அச்சகம்தான் ஞாபகம் வரும். போன தீபாவளி மலருக்கு, கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவரின் படத்தை அட்டையில் போட்டோம். அடித்து வந்ததைப் பார்த்தால் உதட்டுச் சிவப்பு தாடைக்கு இறங்கியிருக்கிறது, நெற்றிப் பொட்டு மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஓடிப்போய்ச் சண்டை போட்டேன். அச்சகக்காரர் அட்டையை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தூரத்துல இருந்து பார்த்தா சரியாத்தானே இருக்கு சேர்?”

அச்சுப் புள்ளிகளைப் பார்க்க அவர் வைத்திருந்த பூதக்கண்ணாடியை அன்றைக்குக் கோபத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. போன வாரம் பதுளையில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு வண்ணாத்தி செத்துக் கிடந்தது. அதன் சிறகைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். அசல் அச்சுத் தாள்தான்! ஓடு வேய்ந்த மாதிரி வரிசை வரிசையாகச் செதில்கள், ஒரு செதிலுக்கு ஒரே நிறம். நிறம் மங்குகிற இடத்தில் பார்த்தால், கறுப்புச் செதில்களுக்கு நடுவே வெள்ளைச் செதில்கள் கூடிக்கொண்டே போகின்றன. தொட்டால் விரலில் ஒட்டுகிற பொடியும் இந்தச் செதில்தான்.

ஆனால் மேலிருந்து யாரும் அச்சடிக்கவில்லை. கூட்டுப்புழுவாக இருக்கும்போதே சிறகிலுள்ள கலங்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பி, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று தீர்த்துக்கொள்கின்றன. 1980இல் அமெரிக்காவில் ஃபிரெட் நைஹவுட் என்ற விஞ்ஞானி, கண் மாதிரி வட்டம் வரவேண்டிய இடத்தின் நடுவிலிருந்து சில கலங்களைப் பெயர்த்துச் சிறகில் வேறோர் இடத்தில் வைத்தார். அங்கே புதிதாக ஒரு கண் வந்தது. உதட்டுச் சிவப்பு தாடைக்குப் போன அதே கதை, ஆனால் இவர் வேண்டுமென்றே செய்தார்.

அப்புறம், அந்தச் செத்த வண்ணாத்தி. கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் மொட்டையடிக்கிற பச்சைப் புழு இருக்கிறதே, அதனுடைய தாய். இந்த இனத்தில் ஆண்களுக்கு ஒரே உடுப்பு: கறுப்பு, குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களுக்கோ மூன்று. ஒன்று ஆணைப் போலவே இருக்கும், மற்ற இரண்டும் வேறு இரண்டு இனங்களைப் பார்த்துக் காப்பியடித்தவை. அந்த இனங்கள் ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்ந்து நஞ்சோடு பறப்பவை. அந்த நஞ்சுக்காரியைக் கொத்தி வாய் கெட்ட குருவி இவளையும் விட்டுவிடும். பல பரம்பரையலகுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கூட்டாகச் செய்கிற வேலை இது என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தார்கள். பூச்சியில் ஆண் பெண் வித்தியாசத்தை நடத்துகிற டபிள்செக்ஸ் என்ற ஒரே பரம்பரையலகுதான் இந்த உடுப்பையும் மாற்றுகிறது என்று 2014இல் தெரிந்தது.

கச்சிதம் என்றீர்களே, அதில்தான் எனக்கு வழக்கு. என் மேசையில் கிடப்பவள் காப்பியடித்த நஞ்சுக்காரிக்கு உடம்பே சிவப்பு. இவளுக்குச் சிறகில் சிவப்புப் புள்ளியெல்லாம் வந்துவிட்டது, உடம்பு மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. நான் ப்ரூஃப் பார்த்திருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே ப்ரூஃப் பார்ப்பது குருவி. பறக்கிற வேகத்தில் அது ஏமாந்தால் போதும், இவள் இன்னும் பத்து இலையில் முட்டை வைத்துவிடுவாள், உடுப்பு மகள்மாருக்கும் போகும். நஞ்சுக்காரிகளைவிடக் காப்பிக்காரிகள் பெருகிவிட்டால்தான் குருவி உஷாராகும். பள்ளிக்கூடத்தில் கூர்ப்பு என்று படித்திருப்பீர்கள், அதுவும் கையை நீட்டிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற ஆள்தான்.

அச்சகக்காரர் சொன்னது விஞ்ஞானமாகப் போய்விட்டதே என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். இந்தப் பக்கத்தையும் அவர்தான் அடிக்கப் போகிறார். நல்லவேளை, அடிப்பதைப் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. படித்தால் பூதக்கண்ணாடியைக் கேட்பார்.