கொல்கத்தாவில் மல்லிக் காட் படித்துறையிலிருந்து எடுத்த படத்தில் ஹவுரா பாலத்தின் கோபுரம் பின்னால் சாய்ந்து தெரிகிறதே?

கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் நேர்மட்டமாகப் பிடியுங்கள், கோபுரம் நிமிர்ந்துவிடும். லென்ஸில் கோளாறு இருக்காது. அந்தப் படித்துறை பாலத்துக்கு மிகவும் பக்கம்; சுமார் 82 மீட்டர் உயரத்தை அடக்க அண்ணாந்து எடுத்திருப்பீர்கள்.

திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, ஃபெர்ரியில் ஆற்றின் நடுவே போய் மறுபடி எடுத்துப் பாருங்கள். அங்கிருந்துதான் பாலத்தின் சூட்சுமமே புரியும்: இரு கோபுரங்களிலிருந்தும் நீளும் கைகள் நடுவில் 172 மீட்டர் துண்டைத் தாங்கி நிற்கின்றன. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. நட்டு போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே இணைத்து, 1943-இல் திறந்தார்கள். எனக்கு அந்தக் கைகள் முழுசாகத் தெரியாத படம் நிறைவு தராது.

அப்புறம், செயலியில் நிமிர்த்துவதாக இருந்தால் சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். ஓரங்கள் வெட்டுப்படும்.