200 டாலருக்குள் மஸ்கி ராட், ரீல்

மினசோட்டாவில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனைப் பிடிக்க 200 டாலருக்குள் ராட் (தூண்டில் கோல்), ரீல் (நூல் சுற்றும் கருவி) கேட்டிருந்தீர்கள். கையிலிருக்கும், பாஸ் மீனுக்கான 7 அடி ராட் போதுமா என்றும். போதாது. மஸ்கி லூர் (செயற்கை இரை) 2, 3 அவுன்ஸ்கூட இருக்கும், அதை நாள் முழுக்க வீச அது தாங்காது. எட்டரை அடி, ஹெவி பவர் (கனமான லூரைத் தாங்கும் விறைப்பான) ராட் எடுங்கள். மஸ்கி லூரைத் துரத்திப் படகு வரைக்கும் வரும். அப்போது ராட் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு லூரை 8 வடிவில் சுற்றுவார்கள், அதற்கு நீளம் வேண்டும்.

ராடில் மிச்சம் பிடியுங்கள், ரீலில் வேண்டாம். பழைய அபு கார்சியா அம்பாசடர் 6500 ரீல் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். நூலுக்கு 80 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னிய நூல்), அதன் முன்னால் லூரை ஒட்டி ஸ்டீல் லீடர் என்ற கம்பித் துண்டு (மஸ்கியின் பல் அப்படி). அப்புறம், பெரிய வலை, நீள மூக்குக் குறடு, கொக்கி வெட்டும் கட்டர்: இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். மினசோட்டாவில் பெரும்பாலான ஏரிகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை உயிரோடு திருப்பி விட்டாக வேண்டும்.