பசுமைக் கட்டடம் வரைகிற மகளுக்கு வேலை கிடைக்குமா?

திருச்சியில் பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) நான்காம் ஆண்டு படிக்கும் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். செமஸ்டர் தவறாமல் கல்லூரி வளாகக் கட்டடங்களையே, அதுவும் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று வரைகிறாள். இதை நம்பி யார் வேலை தருவார்கள், பேசாமல் இன்டீரியர் பக்கம் போகச் சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி. நீங்கள் அனுப்பிய போர்ட்ஃபோலியோவை, அதாவது அவள் வரைபடங்களின் தொகுப்பை, முழுவதும் பார்த்துவிட்டேன். பாதையை மாற்றத் தேவையில்லை. ஆனால் இதே போர்ட்ஃபோலியோவோடு அவளை நேர்காணலுக்கு அனுப்பாதீர்கள்.

நூலகம், துறைக் கட்டடம், உணவகம், மாணவர் விடுதி என்று நான்கு புராஜெக்ட். நான்கிலும் மொட்டைமாடியில் புல், சோலார் தகடு, மழைநீர்த் தொட்டி. படங்கள் அழகுதான். (திருச்சி வெயிலில் கோட் போட்ட வெளிநாட்டவர் உலவுவதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.) குறை என்னவென்றால், ஓரிடத்திலும் கணக்கு இல்லை.

விடுதியையே பார்ப்போம். 200 பேர் தங்குகிறார்கள், கூரை 1,000 சதுர மீட்டர். "மழைநீரால் தண்ணீர்த் தன்னிறைவு" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆண்டு மழை 800 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், சொட்டு விடாமல் பிடித்தாலும் 8 லட்சம் லிட்டர்தான். விடுதிவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 200 பேருக்கு 27,000 லிட்டர். ஆண்டு முழுவதும் சேர்த்த மழைநீர் முப்பது நாளைக்குக்கூட முழுதாக வராது! குளித்த, துவைத்த நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பினால் தேவை எவ்வளவு குறையும், அதற்கு எத்தனை சதுர மீட்டர் இடம் வேண்டும், குழாய்கள் எங்கே பிரியும் என்று ஒரே தாளில் அவள் காட்டட்டும். நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தைப் புரட்டாமல் நிற்பது அந்தத் தாளில்தான்.

வெயில் விஷயமும் அப்படியே. விடுதியின் தென்புறம் முழுக்க ஆழமான சன்ஷேடு, வடபுறம் வெறும் கண்ணாடி. குளிர்நாட்டுப் பாடநூல் படத்தின் சாயல் அது. திருச்சி ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். வடக்கு ஜன்னலுக்கும் சிறிய மறைப்பாவது வேண்டும். மேற்கே வரிசையாகப் படுக்கையறைகளை வைத்திருக்கிறாள்; மாலை வெயிலில் காய்ந்த சுவர் இரவெல்லாம் சூட்டைக் கக்கும். மாடிப்படியையும் கழிப்பறைகளையும் அந்தப் பக்கம் தள்ளலாம். கட்டடத்தின் வெப்பத்தையும் எரிசக்தியையும் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் இலவச மென்பொருள்தான். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அறை வெப்பநிலை என்ன என்று அவளே ஓட்டிப் பார்க்கலாம்.

புதுச்சேரி அதிக தூரமில்லை. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை முன்அனுமதி கேட்டுப் பார்த்துவரச் சொல்லுங்கள். அன்டோனின் ரேமண்ட் என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைத்து 1930களில் கட்டத் தொடங்கியது. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்புகள், கையால் திறந்து மூடும் பலகைகள், ஏ.சி. இல்லை. இவள் வரைவதும் விடுதிதானே.

இனி வேலை. கல்வி வளாகங்கள் கட்டும் ஆர்க்கிடெக்ட் அலுவலகங்கள் ஒருபுறம். கிரிஹா, ஐஜிபிசி போன்ற பசுமைத் தரச்சான்றுக்குக் கட்டடங்களைத் தயார்செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் இன்னொருபுறம். இரண்டாமவர்களுக்குத் திட்டப்படமும் புரிந்து எரிசக்திக் கணக்கும் போடத் தெரிந்த ஆள் வேண்டும். பயிற்சி செமஸ்டரை இப்படி ஓர் அலுவலகத்தில் செய்யட்டும்; வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக எங்கோ சேர்த்துவிடாதீர்கள். சோலார் டெகாத்லான் இந்தியா என்ற மாணவர் போட்டியில் கல்விக் கட்டடங்களுக்கென்றே பிரிவு இருந்திருக்கிறது. கல்லூரியில் குழு அமைந்தால் விடவே கூடாது.

சம்பளத்தைப் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் குறைவாகத்தான் இருக்கும். மென்பொருள் வேலைக்குப் போன உறவுக்காரப் பையனோடு ஒப்பிட்டு அவளை நோகடிக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவுசெய்துகொள்வது கட்டாயம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குப் பிறகுதான் 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயருக்குப் பக்கத்தில் போட முடியும்.

ஐம்பதாயிரம் கட்டிப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். வேலைக்குச் சேர்ந்தபின் எந்தத் தேர்வு தேவை என்று அலுவலகமே சொல்லும். சில இடங்களில் கட்டணத்தையும் அவர்களே கட்டிவிடுகிறார்கள். கல்விக் கடன் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த ஐம்பதாயிரத்தில் இப்போதே கடன் வட்டியைக் கட்டி வாருங்கள்.