சரளைக் குழி ஏரியாக வேண்டுமா? கரையில் தொடங்குங்கள்

கேள்வி: பல வருடங்களாகச் சரளை தோண்டிய ஆறு ஏக்கர் குழி எங்களிடம் இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது, அடியில் தண்ணீர் ஊறி நிற்கிறது. சுற்றிலும் சுவர் மாதிரி செங்குத்தான கரை. இதை ஏரியாக்கிப் பறவைகள் தங்கும் இடமாக மாற்ற ஆசை. நல்ல மண் கொட்டி, மரம் நட்டு, மீன்குஞ்சு விட்டால் போதுமா?

பதில்: மண், மரம், மீன் மூன்றும் அப்புறம். பொக்லைன் இன்னும் அங்கேதான் நிற்கிறதா? நின்றால் அனுப்பிவிடாதீர்கள். தண்ணீர் முழுதாக ஏறிய பிறகு கரையைத் திருத்துவது பெரும்பாடு.

குழியில் நிற்பது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. நிலத்தடி நீர்மட்டம்தான் அங்கே திறந்து தெரிகிறது. அதனால் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். அடி, அங்குலம் குறித்த கம்பு ஒன்றை நட்டு, ஒரு வருடம் வாராவாரம் அளவை எழுதி வையுங்கள். உச்ச மட்டத்துக்கும் அடி மட்டத்துக்கும் நடுவே வரும் அந்தப் பட்டையில்தான் உங்கள் ஏரியின் உயிரோட்டம் இருக்கப்போகிறது. நடுவில் எத்தனை அடி ஆழம் என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. ஆழத்தில் வெளிச்சம் போகாது, செடி வளராது, அடியில் ஆக்சிஜனும் குறைந்துபோகும். முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் புழு, பூச்சி, தட்டான், தலைப்பிரட்டை எல்லாம். அவற்றைத் தேடித்தான் பறவைகள் வரும்.

ஆகவே கரையைச் சாய்த்து இழுங்கள். ஓர் அடி இறங்க மூன்றடி என்ற சரிவு, தவறி விழுந்தவர் ஏறி வருவதற்குச் சரி. கொக்கும் உள்ளானும் நடந்து மேய அது போதாது; பத்தடி, முடிந்த இடத்தில் இருபதடி வேண்டும். சுற்றிலும் இப்படிச் செய்ய இடம் போதாவிட்டால் ஒரு பக்கத்தை மட்டும் தாராளமாகச் செய்யுங்கள். கரைக்கோடு நேராக ஓட வேண்டாம். வளைந்து நெளிந்து போனால் அதே ஆறு ஏக்கரில் கரை நீளம் கூடும், காற்றுக்கு ஒதுங்கவும் பறவைகளுக்கு மூலை கிடைக்கும்.

ஒரு செங்குத்துச் சுவரை மட்டும் இடிக்காமல் விடுங்கள். மணல் கலந்த, ஈரம் தட்டாத சுவராக இருந்தால் பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் பொந்து குடையும். மனிதர் நெருங்காதபடி மேலே வேலி போடுங்கள். அந்த விளிம்பு சரியும்.

நல்ல மண் கொட்டுவது பற்றி: வேண்டாம். எல்லோரும் செய்யும் தவறு இது, நானும் செய்திருக்கிறேன். மேல்மண் பரப்பிய கரையில் இரண்டே வருடத்தில் இடுப்பளவு களை. மழைக்கு அந்த மண்ணின் சத்து தண்ணீரில் இறங்கி, ஏரி பச்சைப் பாசியாகிவிட்டது. வெறும் சரளை ஏழை நிலம்தான், ஆனால் அதைத் தேடி வரும் பறவை உண்டு. பட்டாணி உப்புக்கொத்தி கூடு கட்டாது. கல்லுக்கு நடுவே சின்னப் பள்ளம் பறித்து முட்டையிடும். மணல் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை, குனிந்து பார்த்தாலும் கூழாங்கல்லாகத்தான் தெரியும். பிரிட்டனில் இது முதன்முதலாக முட்டையிட்டது 1938இல். பிறகு அங்கே பரவியதற்குக் கைவிட்ட சரளைக் குழிகளே பெரிய காரணம். ஒரு திட்டைச் செடியில்லாமல் வைத்திருங்கள், முட்டைக் காலத்துக்கு முன்பே வருடா வருடம் சுரண்டி விடுங்கள். அது தண்ணீர் சூழ்ந்த தீவாக அமைந்தால் நாயும் நரியும் எளிதில் எட்டாது. சுற்றியுள்ள நீர் கோடையிலும் வற்றக் கூடாது, அவ்வளவுதான்.

மீன் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கெண்டை வகைகள் அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலங்கடிக்கும். நீருக்குள் இருக்கும் செடி வெளிச்சமின்றிச் செத்துவிடும். தலைப்பிரட்டையையும் தட்டான் புழுவையும் அந்த மீன்கள் தின்றுவிடும். மீன் கட்டாயம் வேண்டுமென்றால் பெரிய ஏரியில் விடுங்கள். பக்கத்தில் அதனோடு சேராத இரண்டு மூன்று சிறு குட்டைகளை மீனில்லாமல் வைத்திருங்கள்.

சரளை கழுவிய சேறு தேங்கிய குட்டை இருக்கிறதா? மேலே காய்ந்து வெடித்துத் தெரியும், கால் வைத்தால் ஆளையே உள்ளே இழுத்துவிடும். உடனே வேலி போடுங்கள். அந்தச் சேற்றில் நாணல் பிரமாதமாக வரும் என்பது வேறு விஷயம். குழியை மேடாக்குகிறேன் என்று கட்டட இடிபாடு, குப்பை எதையும் கொட்ட விடாதீர்கள். நிலத்தடி நீரில் நேராகக் கொட்டுவதும் அதுவும் ஒன்றுதான். அருகில் விமான நிலையம் இருந்தால் வேலையைத் தொடங்குமுன் அவர்களிடம் கேளுங்கள். பறவைக் கூட்டம் அவர்களுக்கு ஆபத்து.

மரம்? ஒரு பக்கம் மட்டும் போதும். வாத்தும் உள்ளானும் நாலா பக்கமும் கண்ணுக்குத் தெரியும் திறந்த கரையைத்தான் விரும்பும்; நிழலும் உதிரும் இலையும் ஆழமில்லாத தண்ணீருக்கு ஆகாது. நீங்கள் நடாவிட்டாலும் காற்றிலும் பறவை எச்சத்திலும் விதை வந்து சேரும். மூன்றாம் வருடத்திலிருந்து கன்றுகளைப் பிடுங்குவதுதான் உங்களுக்கு வேலையாக இருக்கும்.